நாற்பதாவது சீட்

என் நாத்தனார் அழமாட்டாள். கோபம் வந்தால் ஒரே இடத்தில் நின்று மூக்கால் மூச்சு விடுவாள். அன்றைக்கு மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு என் மேஜை முன்னால் வந்து அப்படித்தான் நின்றாள். கையில் பாதி கடித்த ஆப்பிள்.

"அண்ணி, என் சீட் போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"சாப்பிடப் போனேன். வந்து பாத்தா 'காலி இல்லை, பிறகு முயலவும்'னு வருது. உங்க மெஷின் என்னைத் தூக்கி வெளிய போட்டிருக்கு."

அது என் மெஷின் இல்லை, கம்பெனி மெஷின். ஆனால் திட்டு மட்டும் எனக்குத்தான் வரும். எங்கள் கம்பெனி கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறது. ஐந்து மாடி, நூற்றுப் பத்துப் பேர். வரைகிற மென்பொருளுக்கு நாங்கள் வாங்கி வைத்திருப்பது நாற்பது லைசென்ஸ். ஆளுக்கு ஒன்று என்று கிடையாது. யார் முதலில் திறக்கிறாரோ அவருக்கு ஒன்று, அவர் மூடினால் அடுத்தவருக்கு. அதை நாங்கள் சீட் என்போம். பஸ் மாதிரிதான், நின்றுகொண்டு போக மட்டும் வசதி இல்லை. அந்தப் பஸ்ஸுக்கு நான் கண்டக்டர்.

இந்த வேலைக்கு என்னை எடுத்த காரணமும் வேடிக்கையானது. என் அப்பாவும் மூன்று சித்தப்பாக்களும் துணி மொத்த வியாபாரிகள். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண் நான். நேர்காணலில் சம்பளம் பேசும்போது முதலாளி மூன்று முறை தண்ணீர் குடித்தார். நான்காவது டம்ளரை எடுக்கும்போது, "நீ எதிர்ப் பக்கம் உக்காந்தா எனக்கு ஆபத்து. என் பக்கம் வந்து உக்காரு" என்றார். அன்றிலிருந்து மென்பொருள் வாங்குவது, புதுப்பிப்பது, பங்கிடுவது எல்லாம் என் தலையில்.

சீட்டைப் பிடித்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களுக்காக நான் ஒரு விதி போட்டிருந்தேன். அரை மணி நேரம் மவுஸ் அசையவில்லை என்றால் சர்வர் அந்த ஆளை இறக்கிவிடும். அந்த விதியில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. இப்போது அது என் வீட்டுக்காரரின் தங்கையையே இறக்கிவிட்டிருந்தது.

"இருக்கட்டும், கொஞ்ச நேரத்துல கிடைக்கும்" என்றேன்.

"நாலு மணிக்கு முடியுது அண்ணி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடப் போட்டி. முந்நூறு பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கு யார் கட்டடம் வரைவது என்று திறந்த போட்டி வைத்திருந்தார்கள். எங்கள் கம்பெனி சார்பில் முழுக்க முழுக்க அவள் வரைந்தது. ஆறு வாரம். வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் தீப்பெட்டிகளை அடுக்கி மாடிப்படி காட்டிக்கொண்டிருந்தாள், நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். அவள் பெயர் போட்டு வெளியே போகிற முதல் வரைபடம் அது. நான்கு மணிக்கு அந்த இணையப் பக்கம் தானாகவே மூடிக்கொள்ளும்.

"முடிஞ்சிடுச்சுன்னு நேத்து சொன்னியே?"

"முடிஞ்சுதான் இருந்துச்சு. சாப்பிடும்போது பிரின்ட்டைப் பாத்துட்டிருந்தேன். ரெண்டாவது மாடியில தீப்பிடிச்சா வெளியேறுற கதவு உள்பக்கமா திறக்குது. பிள்ளைங்க ஓடி வந்தா கதவு வழியை அடைச்சுடும். இதோட அனுப்பினா முதல் பார்வையிலயே தூக்கிப் போட்டுடுவாங்க. போடவும் வேணும்."

"சரி பண்ண எவ்வளவு நேரம்?"

"மூணு தாள்ல மாத்தணும். நாப்பது நிமிஷம். சீட் கிடைச்சா."

வேறு யாராவதாக இருந்தால் நான் மாடி மாடியாகக் கத்தி ஒரு ஆளை எழுப்பியிருப்பேன். இவளுக்காகக் கத்தினால், "கண்டக்டரம்மா குடும்பத்துக்குத் தனி பஸ் விடுறாங்க" என்று ஐந்து மாடியும் சிரிக்கும். அவளுக்கும் அது தெரியும். அதனால்தான் 'யாரையாவது இறக்கு' என்று அவள் கேட்கவில்லை. மூச்சு மட்டும் விட்டாள்.

சர்வர் திரையைத் திறந்தேன். பயன்பாட்டில்: 40. காத்திருப்போர்: 11. யாருக்காவது தனியாக ஒரு சீட் ஒதுக்க வேண்டுமானால் சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டும், அதற்குள் நாற்பது பேர் வேலையும் பாதியில் அறுந்துவிடும். அது நடக்காது. பெயர்ப் பட்டியலை அச்செடுத்து எண்ணினேன். முப்பத்தொன்பது பெயர்தான் இருந்தது. எங்கள் அச்சு இயந்திரம் கடைசி வரியைத் தின்பது புதிதல்ல. நான் பட்டியலை மடித்துக்கொண்டு கிளம்பினேன்.

"நீ உன் இடத்துல உக்காரு. போன் பண்ணுவேன். 'அழுத்து'ன்னு சொன்ன உடனே திற."

நான்காம் மாடியில் தண்ணீர்க் குழாய் பொறியாளர். ஊரே அவரைக் குழாய் என்றுதான் கூப்பிடும், அவரும் திரும்பிப் பார்ப்பார். நாற்காலி காலி. திரையில் மென்பொருள் திறந்திருக்கிறது. மேஜைமேல் ஒரு கைக்கடிகாரம் மல்லாந்து கிடக்கிறது. அதன் முகத்தின்மேல் மவுஸ் உட்கார்ந்திருக்கிறது. முதலில் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். நொடி முள் மவுஸின் கண்ணுக்குக் கீழே சுற்றச் சுற்ற, திரையில் அம்புக்குறி கொசு மாதிரி துடிக்கிறது. சர்வருக்கு மனிதர் வேலை செய்கிறார்!

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது மரியாதை. எங்கள் கடையில் அளவுகோலில் அரை அங்குலம் திருடுகிறவனைப் பிடித்தால் அப்பா முதலில் கோலைக் கையில் வாங்கி, எப்படிச் செய்தான் என்று ரசித்துவிட்டுத்தான் திட்டுவார்.

குழாய் காபியோடு வந்தார். கடிகாரம் என் கையில்.

"அக்கா... அது... சாவி குடுத்து வச்சேன்..."

"பாட்டரி கடிகாரத்துக்கு எதுக்குய்யா சாவி? எவ்வளவு நாளா?"

"நீங்க விதி போட்ட மறுநாள்ல இருந்து."

"சேமிச்சு மூடுங்க. இப்பவே."

அவர் மூடினார். நான் போனில், "அழுத்து!" என்றேன்.

மறுமுனையில் மூக்கு மூச்சு. "அழுத்திட்டேன். காலி இல்லைங்குது."

பக்கத்து மேஜையில் ஒருவர், "ஐ, கிடைச்சிடுச்சு!" என்று கையைத் தட்டினார். காத்திருந்த பதினொரு பேரும் விரலை மவுஸில் வைத்துக்கொண்டு தவம் இருந்திருக்கிறார்கள். மணி இரண்டு முப்பத்தைந்து.

என் கைத்தாளில் 'குழாய் - கடிகாரம்' என்று எழுதிக்கொண்டேன். பிடிபடுகிறவர்கள் பெயரையெல்லாம் லிஃப்ட் கதவில் ஒட்டுவது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

மூன்றாம் மாடியில் மின்சாரப் பிரிவின் தலைவி. எல்லோருக்கும் அவர் அத்தை. அத்தை மேஜையில் மின்விசிறி இடமும் வலமும் தலையாட்டிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் ஒரு நூல், நூலின் முனையில் மவுஸ். விசிறி திரும்பும்போதெல்லாம் மவுஸ் மேஜைமேல் நடை பழகியது. அத்தை பக்கத்தில் சுவாரசியமாக நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தை!"

"என்னம்மா, புழுக்கமா இருக்கேன்னு போட்டேன்."

"மவுஸுக்கா புழுக்கம்?"

"அதுவும் ஒரு ஜீவன்தானே. வா, உக்காரு."

"உக்கார நேரமில்லை. மூடுங்க."

"மூடினா மறுபடி கிடைக்காதே! காலையில எட்டு மணிக்கு வந்து பிடிச்ச சீட்டு. உன் விதியாலதான் எல்லாரும் இப்படி ஆயிட்டோம். முன்னெல்லாம் மூடிட்டுத்தான் எழுந்து போவேன் தெரியுமா?"

அது உண்மை. உண்மை என்பதால் இன்னும் எரிச்சலாக இருந்தது. விதி போட்ட பிறகு ஏமாற்றத் தெரிந்தவர்களுக்கு நிரந்தரச் சீட், சாப்பிடப் போன நல்ல பெண்ணுக்குக் கதவு சாத்தல். அத்தை முனகிக்கொண்டே மூடினார். "அழுத்து!" என்றேன். இந்த முறை ஐந்தாம் மாடியில் யாரோ முந்திக்கொண்டார்கள். மணி இரண்டு ஐம்பத்தைந்து.

அப்போது போன் அடித்தது. முதலாளி. "எங்கம்மா இருக்க? அவர் வந்து உக்காந்து அரை மணி நேரமாச்சு."

அவர் என்றால் புன்னகை. மென்பொருள் கம்பெனியின் விற்பனையாளர். எதைச் சொன்னாலும் சிரித்த முகம் மாறாத மனிதர் என்பதால் நான் வைத்த பெயர். வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்க வருவார், அது இன்றைக்கு. போன வாரமே முதலாளி என்னிடம் சொல்லியிருந்தார்: நாற்பதுக்கு மேல் ஒன்றுகூட வாங்கப் போவதில்லை, விலையும் ஏறக்கூடாது.

படியில் இறங்கும்போதே கணக்குப் போட்டேன். புன்னகை நினைத்தால் தன் மடிக்கணினியிலிருந்து ஐந்து நிமிடத்தில் எங்களுக்கு ஒரு தற்காலிகச் சீட் தரலாம். ஆனால் அவரிடம் கேட்க வேண்டும். கேட்டால், நாற்பது போதவில்லை என்று நானே வாயால் ஒப்புக்கொண்ட மாதிரி. கடைக்குள் வந்தவர் ஒரு துணியைத் தடவி, 'இதேதான் வேணும், இன்னிக்கே வேணும்' என்று சொல்லிவிட்டால் அப்புறம் என்ன பேரம் இருக்கிறது? அப்பா அளவுகோலையே கீழே வைத்துவிடுவார்.

கண்ணாடி அறைக்குள் முதலாளி தன் மடிக்கணினியைப் புன்னகை பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். திரையில் அவர் புதிதாகக் கட்டப்போகும் வீட்டின் சமையலறை. வரைந்திருப்பது எங்கள் மென்பொருளில். ஒரு சீட், காலையிலிருந்து!

"சார், அதை மூடிடலாமே, பேச்சு ஆரம்பிக்கலாம்" என்றேன்.

"இரும்மா. ஜன்னலைக் கிழக்கால வைக்கவா, வடக்கால வைக்கவான்னு இவர்கிட்ட கேட்டுட்டிருக்கேன்."

"அற்புதமான சமையலறை சார்" என்றார் புன்னகை. முகத்தில் அதே சிரிப்பு.

நான் மேஜைக்கடியில் முதலாளியின் காலை லேசாக மிதித்தேன். "ஏம்மா கால மிதிக்கிற?" என்றார் சத்தமாக. அதற்கப்புறம் அவருக்கு எந்தச் சாடையும் காட்டுவதில் பலனில்லை. நானே கை நீட்டி, "சார்ஜ் குறையுது" என்று சொல்லிச் சேமித்து மூடினேன். பையில் போனைத் தடவி 'அழுத்து' என்று ஒரு வார்த்தை அனுப்பினேன். உடனே பதில் வந்தது: 'இல்லை.' அப்புறம் இன்னொன்று: 'மணி 3.05 அண்ணி.'

புன்னகை ஒரு தாளை மேஜைமேல் தள்ளினார். எங்கள் சர்வர் மாதா மாதம் அவர்கள் கம்பெனிக்கு அனுப்பும் அறிக்கை.

"பாருங்க மேடம். காலை ஒன்பதுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் நாப்பதும் நிரம்பியே இருக்கு. இடம் கிடைக்காம திரும்பிப் போனது இந்த மாசம் மட்டும் அறுநூத்திப் பன்னெண்டு தடவை. உங்களுக்கு அம்பது வேணும். நான் வியாபாரத்துக்காகச் சொல்லலை, உங்க ஆளுங்க கஷ்டப்படுறாங்களேன்னு சொல்றேன்."

"உங்க மனசு யாருக்கு வரும்" என்றேன்.

நேரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து. நாற்பது நிமிட வேலை, ஏற்ற ஐந்து நிமிடம். இன்னும் ஐந்து நிமிடம் போனால் எந்தச் சீட்டும் பிரயோசனமில்லை. தீப்பெட்டி மாடிப்படி கண்ணுக்குள் வந்தது. போகட்டும், கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஐம்பது சீட்டைத் தலையில் கட்டட்டும், முதலாளி கத்தட்டும், சித்தப்பாக்கள் கேள்விப்பட்டுச் சிரிக்கட்டும். வாயைத் திறந்தேன்.

திறந்த வாய் அப்படியே நின்றது. கண் பழக்கதோஷத்தில் தாளின்மேல் ஓடிவிட்டிருந்தது. அப்பா எந்தப் பட்டியலைக் கையில் வாங்கினாலும் முதலில் ஆகச் சிறிய எண்ணைத் தேடுவார். பெரிய எண்ணை எதிராளி தானே காட்டிவிடுவான், சின்னதைத்தான் நாம் தேட வேண்டும் என்பார். தாளில் வரிசையாகப் பெயர்கள், எதிரே இந்த மாதம் பயன்படுத்திய நிமிடங்கள். பத்தாயிரம், ஒன்பதாயிரம், எட்டாயிரம். கடைசி வரியில் ஒரு பூஜ்யம்.

*மீசை. ஒதுக்கப்பட்டது. பயன்பாடு: 0.*

அந்த வரியை இன்னொரு முறை படித்தேன்.

மீசை எங்கள் பழைய தலைமை வரைவாளர். பெரிய மீசை வைத்திருந்தார், கணினியிலும் அந்தப் பெயரிலேயே நுழைவார். தினமும் சீட்டுக்காகச் சண்டை போடுவார் என்று அவர் பெயருக்கு ஒன்றை நிரந்தரமாக ஒதுக்கியிருந்தேன். மூன்று வருடத்துக்கு முன்பு வேலையை விட்டுப் போனார். ஒதுக்கீட்டை நான் எடுக்கவில்லை. மறதியால் அல்ல. வேண்டுமென்றே வைத்துக்கொண்டேன். எங்கள் கடையில் நல்ல துணியில் கடைசி ஒன்றை மேஜைக்கடியில் ஒளித்து வைப்பார்கள், யாராவது முக்கியமானவர் வந்தால் எடுத்துக் கொடுக்கலாம் என்று. அப்படி ஒளித்து வைத்தேன். அப்புறம்தான் மறந்தேன். அச்சு இயந்திரம் எந்த வரியையும் தின்னவில்லை. ஆளில்லாத சீட்டுக்குப் பட்டியலில் ஏது பெயர்?

"மேடம்? என்ன சொல்றீங்க?" என்றார் புன்னகை.

"யோசிக்கணும்" என்று எழுந்தேன். "பாத்ரூம் போயிட்டு வந்து யோசிக்கிறேன்."

இரண்டு மாடி ஏறி நாத்தனார் இடத்துக்கு ஓடினேன். ஓடினேன் என்றால், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

"எழுந்திரு, எழுந்திரு! உன்னை மீசை ஆக்கப்போறேன்!"

நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணி, தண்ணி குடிக்கிறீங்களா?"

"சர்வர் ஆளைப் பாக்காதுடி, பேரைத்தான் பாக்கும்!" அவள் கணினியில் புதிதாக ஒரு பயனரை உருவாக்கினேன். பெயர்: மீசை. கடவுச்சொல் கேட்டது, கைக்கு வந்ததை அடித்தேன். திரை கறுத்தது. 'வணக்கம், மீசை' என்றது. பிறகு 'உங்களுக்காக எல்லாம் தயாராகிறது' என்று ஒரு வளையம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மணி மூன்று பதினேழு. அவள் மிச்ச ஆப்பிளை ஒரே கடியில் முடித்தாள்.

மென்பொருளைத் திறந்தாள். வழக்கமாக 'காலி இல்லை' வருகிற இடத்தில் ஒரு நொடி வெறுமை.

திறந்தது.

அவள் கத்திய கத்தலில் பக்கத்து மேஜைக்காரர் பென்சிலை ஒடித்துவிட்டார். "மீசை வாழ்க! முப்பத்தஞ்சு நிமிஷத்துல முடிக்கிறேன்!" என்றாள். அடுத்த நொடியே குனிந்துவிட்டாள். கதவைத் திருப்பினாள், அளவுக்கோட்டை இழுத்தாள், அடுத்த தாள். நான் நின்றால் அவளுக்குப் பதற்றம். கண்ணாடி அறைக்குத் திரும்பினேன்.

இப்போது எனக்கு நேரம் இருந்தது. அதைப்போல பேரத்துக்கு வேறு பலம் கிடையாது.

"சார்" என்றேன் புன்னகையிடம், "நாங்க குறைக்கலாம்னு இருக்கோம். முப்பத்தாறு போதும்."

முதலாளி தண்ணீர் டம்ளரை எடுத்தார். முதன்முதலாகப் புன்னகையின் முகத்தில் புன்னகை ஒரு பக்கமாகச் சரிந்தது. "மேடம், அறுநூத்திப் பன்னெண்டு தடவை..."

"உங்க அறிக்கையிலேயே இருக்கே." பூஜ்யத்தைக் காட்டினேன். "இது ஒண்ணு. ஒரு சீட்டுல கடிகாரம் வேலை பாக்குது. ஒண்ணுல மின்விசிறி. ஒண்ணுல..." முதலாளியைப் பார்த்தேன். "ஒண்ணுல சமையலறை. அம்பது கேக்குறீங்களே, விசிறிக்குமா வாங்கணும்?"

முதலாளி இரண்டாவது டம்ளர் குடித்தார். புன்னகை நாற்பத்தெட்டுக்கு வந்தார், நான் முப்பத்தாறில் நின்றேன். நாற்பத்தைந்து என்றார், நான் வீட்டு நலம் விசாரித்தேன். அவர் மகள் நீச்சல் கற்கிறாளாம். நாற்பத்திரண்டு என்றார், நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன். மூன்று ஐம்பத்தேழுக்கு, பழைய விலைக்கு அதே நாற்பது என்று முடிந்தது. கைகுலுக்கும்போது என் கை ஈரமாக இருந்தது. பேரத்தால் அல்ல. போன் இன்னும் அடிக்கவில்லை.

மூன்று ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. கண்ணாடிக்கு அப்பால் லிஃப்ட் கதவு திறந்தது. நாத்தனார் ஒரு தாளை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு குதித்தாள். ஏற்றுக்கொண்டதற்கான ரசீது. நேரம் 3.58 என்று கொட்டை எழுத்தில்.

"ஏம்மா குதிக்குது அந்தப் பொண்ணு?" என்றார் முதலாளி.

"பள்ளிக்கூடம் போய்ச் சேந்துடுச்சு சார்!" என்றேன்.

வாசல் வரை புன்னகையை வழியனுப்பினேன். காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "ஒண்ணு கேக்கலாமா மேடம்? மூணேகாலுக்கு உங்களுக்கு ஒரு சீட் தேவைப்பட்டுச்சு, இல்லையா?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"பாத்ரூமுக்கு யாரும் செருப்பைக் கையில எடுத்துட்டு ஓடமாட்டாங்க. கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல குடுத்திருப்பேனே."

"அதுக்கு என்ன கேட்டிருப்பீங்க?"

"பத்து சீட்" என்று சொல்லிச் சிரித்தார். இந்த முறை நிஜச் சிரிப்பு.

மேலே வந்தபோது நாத்தனார் என் நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். "அண்ணி, அந்த மீசை சீட்டு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? யாரு பதுக்கி வச்சிருந்தாங்க?"

சமாளிக்க எனக்கு ஏழு வழி தெரியும். வியாபாரி வீட்டுப் பிள்ளை. சர்வர் கோளாறு என்று சொன்னால் நம்பியிருப்பாள். ஆனால் இரண்டு மணியிலிருந்து அந்தச் சீட் அவளுக்குப் பத்தடி தூரத்தில் காலியாகவே இருந்தது. நான் ஊரெல்லாம் திருடன் தேடிக்கொண்டிருந்தேன்.

"நான்தான். மூணு வருஷமா" என்றேன்.

அவள் காலாட்டுவதை நிறுத்தினாள். மூக்கால் ஒரு நீள மூச்சு வந்தது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, சுவரில் தலை இடிக்கிற அளவுக்குச் சிரித்தாள். "மூணு வருஷமாவா? அத்தை விசிறியே பரவாயில்லையே!"

மாலை ஆறு மணிக்கு எல்லோரும் போனதும் சர்வரை நிறுத்தி மீசையின் ஒதுக்கீட்டை அழித்தேன். அரை மணி விதியையும் எடுத்துவிட்டேன். பதிலுக்கு யார் சீட் வைத்திருக்கிறார்கள் என்று எல்லா மாடிக்கும் தெரிகிற மாதிரி பெயர்ப் பட்டியலைத் திறந்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் கண்ணைவிடப் பெரிய காவல் எந்த சர்வரிலும் இல்லை. லிஃப்ட் கதவில் தாளையும் ஒட்டினேன். முதல் பெயர் என்னுடையது: 'கண்டக்டர் - ஒரு சீட், மூன்று வருடம்.' இரண்டாவது முதலாளி, மூன்றாவது அத்தை, நான்காவது குழாய். மறுநாள் காலை வந்தபோது என் பெயருக்குப் பக்கத்தில் யாரோ பேனாவால் பெரிய மீசை ஒன்று வரைந்திருந்தார்கள். கோட்டைப் பார்த்தாலே தெரிந்தது, நல்ல வரைவாளர் கை.

ஒன்பது மணிக்குத் திரையைத் திறந்தேன். பயன்பாட்டில்: 39. பெயர்கள்: 39. ஒரு சீட் நிஜமாகவே காலியாக இருந்தது! நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று போனை எடுப்பதற்குள் எண் நாற்பதாக மாறியது. கடைசிப் பெயர் முதலாளி. ஜன்னல் இன்னும் முடிவாகவில்லை போல. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.